சேலையூர் மணிக்கட்டுச் சித்தர்

செவ்வாய்க்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் பஸ்ஸில் ஏறியவர்கள் பாக்கியசாலிகள். ஆளுக்கொரு மஞ்சள் பை. பைக்கு வெளியே ஒரு வால். கண்டக்டர் முதலில் பயந்தார், பிறகு விசாரித்தார், அதற்கும் பிறகு மச்சினன் வைத்திருந்த டி.டி.பி. சென்டரிலிருந்து அவரும் ஒன்றைக் கழற்றி வந்து டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தனை பையிலும் இருந்தது கம்ப்யூட்டர் மவுஸ். அத்தனை பேரும் போன இடம் மணிக்கட்டுச் சித்தர் ஆசிரமம்.

ஆண்டு 1997. தாம்பரத்தைச் சுற்றி டீக்கடைக்குப் பக்கத்தில் ஒன்று என்று டி.டி.பி. சென்டர்கள் முளைத்திருந்த காலம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், சர்ச் அறுப்பின் பண்டிகை அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாமே கம்ப்யூட்டரில்தான். காலையிலிருந்து ராத்திரி கடை சாத்தும்வரை மவுஸைப் பிடித்து இழுத்தும் தட்டியும் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வீங்கியது. விரல் மரத்தது. டாக்டரிடம் போனால், "கைக்கு ஓய்வு கொடு, மவுஸைக் குறை" என்றார். இதைச் சொல்லவா இவர் இத்தனை வருஷம் படித்தார் என்று ஜனங்களுக்குச் சலிப்பு. சித்தரிடம் போனாலோ நோய்க்கு ஒரு பேர், பேருக்கு ஒரு பரிகாரம், பரிகாரத்துக்கு ஒரு பொட்டலம். பொட்டலம் இல்லாத வைத்தியத்தை நம் ஊரில் எவன் மதித்தான்?

"மானிடர்காள்! அந்தப் பெட்டிக்குள் ஒரு சக்தி குடியிருக்கிறது. வால் வழியாக வந்து உள்ளங்கை வழியாக ஏறுகிறது. நோய் உங்கள் கையில் இல்லை. கை பிடித்த பொருளில் இருக்கிறது" என்பது சித்தரின் உபதேசம். மவுஸால்தான் வலி வந்தது என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். எந்த மோசடிக்காரனும் முழுப் பொய்யை விற்க மாட்டான். கொஞ்சம் நிஜம் கலந்தால்தான் சரக்கு போகும்.

மேடையில் சிவப்புப் பட்டு விரித்த மேஜை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர். பக்தர் கொண்டுவந்த மவுஸை அதில் மாட்டுவார். திரையில் அம்பு நகராது. நகர்ந்தாலும் நொண்டும், துள்ளும், பாதியில் நிற்கும். "பார், சக்தி பிடித்து இழுக்கிறது!" என்பார் சித்தர். கூட்டம் "ஐயோ" என்னும். மவுஸைக் கழற்றிக்கொண்டு சிவப்புத் திரைக்குப் பின்னால் போவார். மணி அடிக்கும். சாம்பிராணிப் புகை வரும். சற்று நேரத்தில் திரும்பி வந்து மாட்டுவார். அம்பு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடும். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் பஸ் ஸ்டாப்வரை கேட்கும்.

பிறகு காணிக்கைத் தட்டு. அதன் பின் பொட்டலம். இந்துவுக்கு விபூதி, கிறிஸ்தவருக்கு எண்ணெய், முஸ்லிமுக்குப் பன்னீர். மத நல்லிணக்கத்தில் சித்தரை மிஞ்ச ஆளில்லை. தினமும் காலையில் மவுஸின் வயிற்றில் பூசிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். கொஞ்ச நாள் அம்பு ஓடும். மறுபடி நொண்டும். மறுபடி மஞ்சள் பை. "நம்பிக்கை குறைந்துவிட்டது, மகனே" என்பார் சித்தர். மகன் தலையைக் குனிந்துகொள்வான். ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைகிறது என்று ஒரு மகனும் கேட்கவில்லை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் ஷாலோம் கிராபிக்ஸ். அதை நடத்தியவர்கள் சாலமோனும் அவர் மனைவி தபீதாளும். சாலமோன் கல்லாவில் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயர் பாடுவார். உள்ளே இருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று தபீதாளுக்கு. மற்றொன்று பேபிக்கு.

பேபி இரும்புலியூர்ப் பெண். அவள் வலது கையை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தார்கள். அந்தக் கை இப்போது தலை பின்ன மறுத்தது. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. தபீதாளுக்கும் வலி உண்டு, ஆனால் பேபியின் வலியைப் பார்த்தால் தன்னுடையதைச் சொல்லக் கூச்சம். அவளே பேபியை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மணிக்கட்டை அசையாமல் வைக்க ஒரு பட்டை கட்டிவிட்டு, "இதே மாதிரி போனா விரல்ல உணர்ச்சி போயிடும்மா. அப்புறம் கத்திதான்" என்றார். அன்று முதல் தபீதாளுக்கு அந்தக் கையைப் பற்றிய பயம் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாலமோன் பையோடு கிளம்பினார்.

"என்னங்க, எங்க?"

"மார்க்கெட்டுக்கு."

"மார்க்கெட்டுக்குப் போற பையில வால் ஏன் தொங்குது? அதுவும் ரெண்டு?"

சாலமோனுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் இரண்டாவது வரியில் நின்றுவிடும்.

"சித்தர்கிட்டதான் தபீ. பேபியும் வர்றா. உனக்கும் சேர்த்து நானே வேண்டிக்கிட்டு வந்துடறேன்."

"நீங்க கொயர் பாடுறவர்!"

"அவர் எல்லாருக்கும் பொதுவானவர். நமக்கு எண்ணெய்தான் தர்றார். நம்ம பாஸ்டரே எண்ணெய் பூசி ஜெபம் பண்றதில்லையா?"

"மனுஷனுக்குப் பண்றார். மவுஸுக்கா பண்றார்?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அவிசுவாசிகளோடு வாதாடாமல் தப்பிக்க ஆண்டவர் அனுப்பிய பஸ் என்று சாலமோன் நம்பினார்.

அவர் போன கையோடு ஒரு கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார். பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பேர் விட்டுப்போயிற்று. மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டும்.

"அந்தாளு பேர் வரலேன்னா கல்யாணத்தையே நிறுத்திடுவாரும்மா. போன கல்யாணத்துல பந்தியில ஊறுகா வைக்கலேன்னு எழுந்து போனவரு."

தபீதாள் கம்ப்யூட்டரைப் போட்டாள். மவுஸைக் காணோம் என்று திரையில் ஒரு பெட்டி வந்து புலம்பியது. என்டர் தட்டினாள். புலம்பல் போயிற்று. அடுத்து என்ன? அம்பு நடுத்திரையில் செத்துக் கிடந்தது. கணவரை மனதார இரண்டு வார்த்தை திட்டினாள். எதுவோ ஒன்றைத் தட்டிப் பார்ப்போம் என்று கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்துத் தட்ட, கீழிருந்து பட்டியல் எழும்பி வந்தது. அம்புக்குறிப் பொத்தானால் இறங்கி, பக்கம் அமைக்கும் புரோகிராமைத் திறந்தாள். மேலே வரிசையாக மெனுச் சொற்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துக்குக் கீழே சின்னக் கோடு. இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற கோடு. அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தாள். டிரெயினிங் சென்டரில் சொல்லிக் கொடுத்தவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

"ஆல்ட்" பொத்தானை அமுக்கிக்கொண்டு கோடு போட்ட எழுத்தைத் தட்டினாள். மெனு திறந்தது. தபீதாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மெனுவுக்குள்ளே ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் அதற்கான பொத்தான் எழுதியே இருந்தது. நகல் எடுக்கக் கன்ட்ரோலும் சி-யும், ஒட்ட வி, சேமிக்க எஸ், அச்சடிக்க பி. இத்தனை நாளும் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி, மவுஸைத் தேடி, இழுத்து, குறிவைத்து, தட்டி, மறுபடி கையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தடவித் தடவித்தான் போனாள். இரண்டு இடத்தில் வழி தவறித் திரும்பி வந்தாள். ஆனாலும் பெரியப்பா பத்திரிகைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மவுஸ் இல்லாமலேவா? என்னம்மா மந்திரம் இது?"

"மந்திரம் இல்ல சார். எல்லாம் மேலயே எழுதியிருக்கு. நாங்கதான் படிக்கல."

அன்று மாலை கடை சாத்தும்போதுதான் கவனித்தாள். மணிக்கட்டு எரியவில்லை.

சாலமோன் இரண்டு மவுஸோடும் இரண்டு பொட்டலத்தோடும் திரும்பினார். தினமும் காலையில் மனைவியின் மவுஸுக்குப் பயபக்தியோடு எண்ணெய் பூசினார். தபீதாள் தடுக்கவில்லை. அவள் அதைத் தொட்டால்தானே? மவுஸ் பளபளவென்று மூலையில் கிடந்தது. அவள் பத்து விரலும் கீபோர்டில். என்றைக்காவது படம் ஏதாவது நகர்த்த வேண்டியிருந்தால் மட்டும் வேறு வழியில்லாமல் தொடுவாள். நாளாக ஆக வலி குறைந்தது.

பேபிக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். பேபி காதைப் பொத்திக்கொண்டாள். மவுஸை ஒதுக்கினால் சக்தி கோபித்துக்கொள்ளும் என்று சித்தர் சொல்லியிருந்தார். மணிக்கட்டுப் பட்டையையும் அவிழ்க்கச் சொல்லியிருந்தார். அது சக்தி வெளியேறும் வாசலை அடைக்கிறதாம். பேபி அவிழ்த்துவிட்டாள். விபூதி பூசினாள். மவுஸை இழுத்தாள். கை இன்னும் வீங்கியது.

அடுத்த முறை சேலையூர் போய்வந்தவள் கீபோர்டின் மேலேயே தலையை வைத்து அழுதாள்.

"இன்னாடி ஆச்சு?" பேபியோடு பேசும்போது சில நேரம் தபீதாளுக்கும் அவளுடைய மெட்ராஸ் பாஷை தொற்றிக்கொள்ளும்.

"எனுக்கு நம்பிக்க பத்தலியாம்க்கா. ஒனுக்கு நல்லாயிட்ச்சே, எனுக்கு ஏன் ஆவலன்னு கேட்டேன், சாமி சொல்லிட்டாரு. ஒரே நாள்ல ரெண்டு மவுஸும் போச்சு, ஒரே பூஜ. தபீதாள் அம்மாவுக்கு நல்லாயிட்ச்சு, ஏன்னா அவுங்க பக்தி அப்டின்னாரு. நான் தெனம் பூசிக்கினுதானேக்கா கீறேன்? இன்னும் எப்டி நம்பறதுன்னே எனுக்குத் தெர்ல."

தபீதாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நம்பவே நம்பாதவள் குணமானாள், அதற்குப் பேர் பக்தி. உயிரைக் கொடுத்து நம்பியவள் முடமாகிறாள், அதற்குப் பேர் நம்பிக்கைக் குறைவு. கையையும் கெடுத்து, அந்தப் பழியையும் அந்தப் பெண் தலையிலேயே போட்டிருக்கிறான், பாவி.

பேபியின் மவுஸை எடுத்துத் திருப்பினாள். வயிற்றில் வட்ட மூடி. திருகினாள். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் உருண்டை கையில் விழுந்தது. உருண்டை முழுக்கச் சேறு மாதிரி விபூதி. அது உருண்டு உள்ளே திருப்ப வேண்டிய சின்ன உருளைகளிலும் விபூதி கெட்டியாகப் படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, ஊக்கால் சுரண்டி, மூடி, மாட்டினாள். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

திரைக்குப் பின்னால் நடக்கும் பூஜை இவ்வளவுதான். பொட்டலத்தின் மகிமையும் இவ்வளவுதான். பூசப் பூச உருண்டை அடைக்கும். அடைக்க அடைக்கக் கை இழுத்து அழுத்தும். அழுத்த அழுத்த வலிக்கும். வலித்தால் மறுபடி சேலையூர். நோயையும் மருந்தையும் ஒரே ஆள் சப்ளை செய்தால் கூட்டத்துக்கு என்ன குறைச்சல்?

பேபியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பேபி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ தொட்ட, அதான்க்கா ஓடுது. ஒன் பக்தி அப்டி!"

தபீதாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சித்தரிடமிருந்து அழைப்பு வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை 'குணமடைந்தோர் விழா'. தபீதாள் அம்மையார் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். சாலமோனுக்குத் தலைகால் புரியவில்லை. புது வேட்டி எடுத்தார்.

"போலாம்" என்றாள் தபீதாள். "பேபி, உன் மவுஸை நீ பூசுற மாதிரியே பூசிக்கிட்டு வா. ஒண்ணே ஒண்ணு. அது மூடியும் உடம்பும் சேர்ற இடத்துல ஒரு காகிதப் பட்டை ஒட்டுறேன். அதுமேல நீ கையெழுத்துப் போடு. திறந்தா கிழியும். சித்தர் திறக்காமலே குணப்படுத்திட்டா, நானும் நாளைலேர்ந்து விபூதி பூசிக்கிறேன்."

"சாமி சக்திக்கு ஒரு காயிதம் பெர்சாக்கா?" என்று பேபி உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டாள். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் போட்டாள். அதைப் பார்த்த தபீதாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

விழாவில் கூட்டம் நெரிந்தது. மேடவாக்கம், பள்ளிக்கரணை, சிங்கப்பெருமாள் கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சித்தர் காவி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தபீதாளை மேடைக்கு அழைத்தார்.

"தாயே, உன் அனுபவத்தை இந்த மானிடர்க்கு எடுத்துரை."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி என் தங்கச்சி மாதிரி ஒரு பொண்ணு, அவ மவுஸைக் குணப்படுத்திக் கொடுங்க. எல்லார் முன்னாடியும்."

மாட்டினார்கள். அம்பு நொண்டியது. கூட்டம் "ஐயோ" என்றது. சித்தர் மவுஸை வாங்கித் திருப்பினார். பட்டையையும் கையெழுத்தையும் பார்த்தார். அருள் பொங்கிய முகத்தில் முதல்முறையாக வேர்வை பொங்கியது.

"இது என்ன, தாயே?"

"ஒண்ணுமில்ல. திறக்காம பண்ணுங்கன்னு ஒரு சின்ன வேண்டுதல்."

சித்தர் திரைக்குப் பின்னால் போனார். மணி அடித்தது. விடாமல் அடித்தது. சாம்பிராணி முன்வரிசையே இருமும் அளவுக்கு வந்தது. வெகுநேரம் கழித்துச் சித்தர் வந்தார். மாட்டினார். அம்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இதைப் பிடித்தது உக்கிரமான சக்தி. மேலும் இந்தக் காகிதம் அருளைத் தடுக்கிறது."

"ஏங்க சாமி, அந்தச் சக்தி பெட்டியைத் தாண்டி வருது, வாலைத் தாண்டி வருது, தோலைத் தாண்டிக் கைக்குள்ள ஏறுது. உங்க அருள் ஒரு துண்டுக் காகிதத்தைத் தாண்டாதா?"

எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் இரண்டு பேர். பஸ் கண்டக்டர் எழுந்து, "அந்தக் காகிதத்தை என் மவுஸுக்கும் ஒட்டும்மா, பார்ப்போம்" என்றார். "எனக்கும்", "எனக்கும்" என்று கைகள் நீண்டன. சாலமோன் புது வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடினார்.

இந்தச் சந்தடியில் பேபி யாரையும் கேட்காமல் மேடையேறித் திரைக்குள் நுழைந்துவிட்டாள். வெளியே வந்தபோது அவள் இடது கையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். வலது முன்கையில் தாங்கியிருந்த தட்டில் ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, ஒரு ஊக்கு, சுரண்டி எடுத்த விபூதிக் குப்பை.

"சாமி," என்றாள். பிரஷை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான் நம்பினேனே சாமி. இன்னா இது?"

"அத்த அங்கியே வெச்சிட்டு வா! இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்றே?" என்று சித்தர் கத்தினார். செந்தமிழ் சால்வையோடு சேர்ந்து நழுவிவிட்டது. கூட்டத்திலிருந்த ஒரு சென்டர்காரர், "அடடே, குரோம்பேட்டையில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண முனிரத்தினமா நீ!" என்று கூவினார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் முனிரத்தினத்துக்கு ரோஷம் வந்தது.

"ஆமா, நான்தான்! இப்ப இன்னான்ற? நெஜமாத்தானே கிளீன் பண்ணிக் குட்த்தேன்? கடையில ஒக்காந்து இதே வேலயப் பண்ணப்போ ஒர்த்தனாச்சும் ஒரு டீ வாங்கிக் குட்த்தீங்களா? திரை கட்டிக்கினு பண்ணேன், கால்ல வுழுந்தீங்க. தப்பு என்னுதா, உங்களுதா?"

கூட்டம் அசடு வழிந்தது. கேள்வியில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம்.

"நீங்க சுத்தம் பண்ணதுக்கு எனக்குக் கோவமில்ல, முனிரத்தினம்" என்றாள் தபீதாள். "மறுபடி அழுக்காக்கப் பொட்டலம் கொடுத்தீங்களே? டாக்டர் கட்டின பட்டையை அவுக்கச் சொன்னீங்களே? இந்தப் பொண்ணு கையைப் பாருங்க. பார்த்துட்டு, இவளுக்கு நம்பிக்கை பத்தலேன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

முனிரத்தினம் பார்த்தார். வீங்கிப்போய் மடங்காமல் நின்ற அந்த விரல்களைப் பார்த்த பிறகு நழுவிய சால்வையைப் பொறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கூட்டம் தன்னை நெருங்குவதைக் கண்டதும் பின்வாசல் வழியாக மறைந்தார். அவர் செய்த அற்புதங்களிலேயே அசலானது அதுதான்.

தபீதாள் கம்ப்யூட்டரிலிருந்து மவுஸைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். "என் சாட்சியைக் கேட்டீங்களே, இதுதான். என் கை சரியானது மவுஸைத் தொடாததால. சித்தரால இல்ல" என்று சொல்லி, கீபோர்டிலேயே திறந்து, எழுதி, நகலெடுத்து, ஒட்டி, சேமித்துக் காட்டினாள். வலி அதிகமானால் டாக்டரிடம் போகவும் சொன்னாள். அன்று சாயங்காலமே பேபியைக் கூட்டிப்போய் மறுபடி பட்டை கட்டவைத்தாள். கத்தி வேண்டாம், இன்னும் காலம் கடக்கவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இத்தோடு தாம்பரம் திருந்தியது என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஷாலோம் கிராபிக்ஸ் வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு கீபோர்டு. தபீதாள் கைபட்டுக் கொடுத்தால் போதுமாம். முன்னால் நின்றவர் படியில் கற்பூரமே ஏற்றிவிட்டார்.

"கன்ட்ரோல் எஸ்ஸை எந்த நேரத்துல அமுக்கணும்மா? ராகுகாலத்துல அமுக்கினா ஃபைல் தங்குமா?" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டார்.

உள்ளேயிருந்து பேபி வந்தாள். வலது மணிக்கட்டில் பட்டை. கற்பூரத்தின்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை இடது கையால் ஊற்றினாள்.

"கூப்பின கையால ஒரு எழுத்துகூடத் தட்ட முடியாது அண்ணா. மொதல்ல கையப் பிரி. ஏன், எதுக்குன்னு கேக்காம நம்பினதுக்கு நான் பட்ட பாடு இந்தக் கையில கீது பாரு. ஒனக்குன்னு ஒரு மண்ட வெச்சுக்கினுதானே கீறே? அத்தக்கூட நாங்களே தொட்டுக் குடுக்கணுமா?"